கடைசி எழுத்து

எதிரொலி தாமதமாக வந்தது. காஷான் நகரத்தின் வற்றிப்போன நிலத்தடி நீர்த்தொட்டிக்குள், ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கை அடைக்க, கூரைத் துளையிலிருந்து விழுந்த மதிய வெளிச்சத்தில் நின்றிருந்த ஷீதேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலகம் அலுவலகமாக அலைந்து வாங்கிய அனுமதி இன்று மாலைக்கு மட்டும்தான். அவள் கவிதை, கூட்டாளி கியூமர்ஸின் மின்னொலி இசை. சொதப்பினால் இனி யாரும் அவளுக்கு மேடை தரப்போவதில்லை.

“வற்றிய தொட்டியில் இன்னும் தாகம்,” என்று மறுபடி வாசித்தாள்.

இருட்டு மூலையிலிருந்து அவள் குரலே வந்தது. “மண்ணுக்கடியில் ஒரு வாய் காத்திருக்கிறது.”

“கியூமர்ஸ், விளையாடாத. என் பழைய பதிவ எதுக்குப் போடுற?”

அவன் மேலே, படிக்கட்டு வாசலில் இருந்தான். பாட்டுக்குப் பாட்டு விளையாடுகிறானாக்கும். எதிராளி முடித்த எழுத்தில் நாம் தொடங்க வேண்டும். முடியாதவர் இடத்தை விட்டுத்தர வேண்டும். பால் பல் விழும் வயதிலேயே பழகியது. ஓர் அடி காதில் விழுந்தால் இந்த ஊரில் எவர் வாயும் சும்மா இராது. இருந்த ஆத்திரத்தில் அவளும் எடுத்து வீசினாள்.

“துணை வேண்டுமா, என் குரல் போதுமா?”

அப்போதுதான் மேலிருந்து கியூமர்ஸ் கத்தினான். “ஷீதே, யார்கூட பேசிட்டிருக்க? கரண்ட் போய் அரை மணி ஆச்சு. ஸ்பீக்கர் எல்லாம் செத்துக் கிடக்கு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரியவில்லை.

காதருகே, மெதுவாக: “மாற்றிக்கொள்வோம். உன் வெளிச்சம், என் இருள்.”

ள்.

அந்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. தேடினாள். நாக்கு புரண்டது. சொல் இல்லை. மூச்சு இருந்தது. குரல் இல்லை.

அவளுடைய முகத்தோடு, அவளுடைய நீலத் தலைத்துணி அணிந்த ஒருத்தி படியேறிப் போனாள்.

“எதிரொலி இப்ப சரியாயிடுச்சா?” என்றான் கியூமர்ஸ்.

“ஆயிடுச்சு. டீய ஊத்து.”

மாலையில் கூட்டம் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. நீலத் தலைத்துணிக்காரி அழகாக வாசித்தாள். மின்னொலி அடங்கிய இடைவெளிகளில், வெளிச்சம் எட்டாத மூலையில் ஷீதேவின் வாயை ஏதோ ஒன்று விரித்துத் திறந்தது. ஒவ்வோர் அடியின் கடைசி எழுத்து மட்டும் அதிலிருந்து வெளியே வந்தது. எதிரொலி பிரமாதம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.