நாற்பத்தெட்டாவது நொடியின் நீல வெளிச்சம்

அன்று காலை மூன்றாம் அடுக்கின் கூரையில் விரிசல் விட்டு, காற்று சீறிக்கொண்டு வெளியேறியபோது, கமலவேணி கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் முகமூடியைத் தேடினாள். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரோபோக்கள் கூரைக்கு ஒட்டுப் போடுவதை வேடிக்கை பார்த்தார். ஐந்து நிமிடத்தில் விரிசல் அடைபட்டது. தோசையும் நன்றாகவே வந்திருந்தது.

செவ்வாய்க் கோளின் செவ்வூரில் இதெல்லாம் சகஜம். முதலில் குடியேறியவர்கள் ஒவ்வொரு விரிசலுக்கும் அலறியடித்து ஓடினார்கள். காற்றுப் போய்ச் செத்தவர்களைவிட நெரிசலில் செத்தவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகு, பிறக்கிற குழந்தைக்கெல்லாம் காதுக்குப் பின்னால் கடுகளவு கருவி ஒன்றைப் பொருத்த ஆரம்பித்தார்கள். அஞ்சாமணி என்று பெயர். பயம் தலைதூக்கியதும் அமுக்கிவிடும். வந்த பயம் எவ்வளவு என்று நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளியும் போடும். பயம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஊர் இது. அதில் அந்த ஊருக்குப் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டுமல்லவா? அதற்காக ஏற்பட்டதுதான் திகில் ட்ரெய்லர் விழா. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாக ஒரு நிமிடத் திகில் ட்ரெய்லர் எடுப்பார்கள். பின்னால் படம் எதுவும் வராது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் அரங்கில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுடைய புள்ளிகளைப் பகுப்பான் என்ற இயந்திரம் கூட்டிச் சராசரி சொல்லும். அறுபது வருடத்தில் அதிகபட்சம் மூன்று. அந்த மூன்றை எடுத்தவருடைய படத்தை நூலகத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த வருடம் நிலாவிலிருந்து ஒரு திரைக்கல்லூரி தன் பேராசிரியரை அனுப்பியிருந்தது. முதலிடம் பிடிக்கிற பிள்ளைக்கு அங்கே ஓர் இடம். ஆனால் நிபந்தனை உண்டு. எந்த உத்தியால் பயம் வந்தது என்று நிரூபித்தாக வேண்டும். குருட்டாம்போக்கில் பயமுறுத்துகிறவர்கள் அவர்களுக்கு வேண்டாமாம்.

கமலவேணியின் மகள் இளவெயினிக்கு ஏழு வயதிலிருந்தே அந்தக் கல்லூரிமேல் ஆசை. செவ்வூரில் திரைக்கல்லூரியே கிடையாது. இந்த இடம் கிடைக்காவிட்டால் கூரை ஒட்டும் பொறியியல்தான். கமலவேணிக்குச் சந்தேகமே இல்லை. பூமியிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் முந்தின வாரமே செய்தி அனுப்பிவிட்டாள்.

இருபத்தேழு ட்ரெய்லர்கள் ஓடின. பேய், ரத்தம், பாழடைந்த விண்கலம். பெற்றோர்கள் முறுக்கு தின்றுகொண்டே பார்த்தார்கள். பூஜ்யம், ஒன்று, மறுபடி பூஜ்யம்.

இருபத்தெட்டாவது இளவெயினியுடையது. நாற்பத்தேழு நொடிவரை அதுவும் பூஜ்யம்தான். நாற்பத்தெட்டாவது நொடியில் ஓர் இருட்டு நடைவழி. கத்தியோடு ஒருவன் கேமராவை நோக்கி வருகிறான். பின்சுவரில் மங்கலான நீல வெளிச்சம். ஒரே நொடி, வெட்டு.

எழுபத்தொன்று!

அத்தனை பேரும் இருக்கை நுனிக்கு வந்திருந்தார்கள். ஒருவருக்கு உள்ளங்கை வேர்த்தது. வியாதியோ என்று டாக்டரைத் தேடினார். கமலவேணிக்கு அழுகையே வந்துவிட்டது. "எம் பொண்ணு! எம் பொண்ணு எடுத்தது!" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னாள். பெற்ற வயிறு குளிர்ந்தது என்பார்களே, அன்று அவளுக்கு அப்படிக் குளிர்ந்தது.

பேராசிரியர் துரைப்பாண்டி மேடையேறினார். அந்தக் காட்சியைத் திரையில் நிறுத்திவிட்டுச் சபையைக் கேட்டார்.

"எதைப் பார்த்துப் பயந்தீங்க? யாராவது சொல்லுங்க."

அவரவர் தரையைப் பார்த்தார்கள்.

"பரவால்ல, நாமே கண்டுபிடிப்போம். கேமராவைக் கீழ வெச்சுப் பிடிச்சிருக்கா. ஆள் மலை மாதிரி தெரியறான். பின்னணி இசையை அந்த இடத்துல மட்டும் நிறுத்தியிருக்கா. அப்புறம் இந்த நீல வெளிச்சம். அடடா, மனுஷனோட தனிமையே அதுல இருக்கு!"

பகுப்பான் ஒவ்வோர் உத்தியாக நீக்கிக் காட்டியது. கோணத்தை நிமிர்த்தியது: எழுபத்தொன்று. இசையைச் சேர்த்தது: எழுபத்தொன்று. கத்தியை எடுத்துவிட்டு அந்த ஆள் கையில் பூங்கொத்தைக் கொடுத்தது: அப்போதும் எழுபத்தொன்று. நீல வெளிச்சத்தை அணைத்தது.

பூஜ்யம்.

"பார்த்தீங்களா!" என்று குதித்தார் பேராசிரியர். கைதட்டல் கூரையைப் பிளந்தது. "ஏம்மா, இப்படி ஒரு பின்னொளியை எங்க கத்துக்கிட்டே?"

இளவெயினி மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினாள். ஆமாம், யோசித்து வைத்ததுதான் என்று சொல்லியிருந்தால் இடம் கையில். அவளுக்குப் பொய் வரவில்லை.

"கத்துக்கல சார். எங்ககிட்ட லைட்டு பத்தல. தலைமையாசிரியர் ரூமுக்கு வெளியில ஒரு அறிவிப்புத் திரை எரிஞ்சிட்டிருந்துச்சு. அந்த வெளிச்சத்துலயே எடுத்துட்டோம்."

"அறிவிப்புத் திரையா? அதுல என்ன இருந்தது?"

அவள் பதில் சொல்வதற்குள் பகுப்பான் நீல வெளிச்சம் இருந்த மூலையைப் பெரிதாக்கியது. கொலையாளியின் தோள் முக்கால்வாசியை மறைத்திருந்தது. தலைப்பு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

'பன்னிரண்டாம் வகுப்பு. ஆண்டுத் தேர்வு. தரவரிசைப் பட்டியல்.'

முடிவு வெளியாக இன்னும் இரண்டு நாள் இருந்தது; சரிபார்ப்பதற்காக இரவில் ஓடவிட்ட பட்டியல் அது. தலைமையாசிரியர் பதறிப்போய் ஓடி வந்து அரங்கத் திரையை அணைத்தார். அதற்குள் அரங்கின் சராசரி எண்பத்துநான்கைத் தொட்டுவிட்டது. பகுப்பான் தன் போக்கில் அறிக்கையைப் படித்தது: "அந்த நொடியில் பார்வையாளர்கள் அனைவருடைய கண்ணும் இடது மேல்மூலையில் இருந்தது. கத்தி வைத்திருந்தவனை எவரும் பார்க்கவில்லை."

அஞ்சாமணியைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். இருட்டு, நெருப்பு, நோய், சாவு என்று எல்லாப் பயங்களையும் பட்டியல் போட்டுத்தான் அடக்கியிருந்தார்கள். இந்த ஒன்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தாம். இதைப் பயம் என்று நினைத்திருக்கமாட்டார்கள், அக்கறை என்று நினைத்திருப்பார்கள்.

பேராசிரியர் சற்று நேரம் தாடையைத் தடவினார். பிறகு சிரித்தார். "உத்தி நிரூபணமாயிடுச்சு. நீயா வைக்கலேங்கறதை நீயே சொன்னே பாரு, அந்த நேர்மைக்காகவும் சேர்த்துத் தர்றேன். இடம் உனக்குத்தாம்மா!"

அரங்கம் எழுந்து நின்றது. செவ்வூரிலிருந்து நிலாவின் திரைக்கல்லூரிக்குப் போகப்போகிற முதல் பிள்ளை. இளவெயினி மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அம்மா, கிடைச்சிருச்சும்மா! அறுபது வருஷத்துல யாருமே பண்ணலியாம்!"

"எனக்குத் தெரியாதா? நீ என் ராஜாத்தியாச்சே," என்று உச்சி முகர்ந்தாள் கமலவேணி. அவள் காதுக்குப் பின்னால் அஞ்சாமணி சூடேறிக்கொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மகளின் காதோரம் குனிந்தாள். "ஏன்டி, நீ அங்க நின்னுதானே படம் எடுத்தே? அந்த லிஸ்ட்டைப் பார்த்திருப்பியே. நீ எத்தனாவது?"

"பதினாலும்மா."

கமலவேணியின் பிடி தளர்ந்தது.

"அப்போ உனக்கு முன்னாடி இருக்கிற பதிமூணு பேரு யாரு யாரு?"