பழைய பெயரே இருக்கட்டும்

சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனபோது, கதவைத் திறக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. மூன்று தாழ்ப்பாள்கள். ஒவ்வொன்றாக விலகும் சத்தத்தைக் கேட்டபடி வெளியே நின்றேன். மூன்றாவது மாடி. வெளிச்சமான நடை. யாரோ அப்போதுதான் கழுவிவிட்ட தரையில் பினாயில் வாசனை. பயப்பட எதுவும் இல்லாத இடம்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சு."

"பொய். மூஞ்சியப் பாரு, பேயறைஞ்ச மாதிரி. உள்ள வா."

அக்காவுக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, அறிக்கையாக அடித்துக் கொடுக்க வேண்டும். ஒன்பது மாதமாகப் போன் இணைப்பை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். பதிவுகள் பாதியில் அறுந்து போயின. திங்கட்கிழமைக்குள் வீட்டில் ஒழுங்கான பிராட்பேண்ட் இல்லையென்றால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். வயரை முந்தாநாளே இழுத்துப் போட்டாயிற்று. பெட்டிதான் பாக்கி.

பழைய ரூட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கறுப்புப் பெட்டி. ஒரு மூலை நொறுங்கி உள்ளே போயிருந்தது. காற்றுத் துளைகளில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அது அவளுடைய ரத்தம்.

"இத எதுக்குக்கா இன்னும் வச்சிருக்க?"

"மாதிரி காட்டி வாங்கலாம்னுதான். அடிச்சது அந்த ஆளு. பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்த ஆள் என்பது அவள் புருஷன். ஒரு காலத்தில் நான் அத்தான் என்று கூப்பிட்டவன். கடைசியாக அவளை அடித்தபோது இதைத்தான் சுவரிலிருந்து பிடுங்கி அடித்தான். வலது காதுக்கு மேலே ஒன்பது தையல். அதற்கு முன்னால் மணிக்கட்டு. அதற்கும் முன்னால் இரண்டு பல். அடிக்கும்போதெல்லாம் "இது என் வீடு" என்பான். வைஃபைக்கும் அதையேதான் பெயராக வைத்திருந்தான். என் வீடு. தன் போனுக்கு வைத்த பெயர் முதலாளி.

அன்றைக்கு அக்கா என்னைப் பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறாள். நான் ஓர் இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் இரவு ஷிப்டில் இருந்தேன். சொந்தப் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. அவள் மண்டை உடைந்துகொண்டிருந்த நேரத்தில், யாரோ ஒரு மனிதரிடம் ரூட்டரை அணைத்து முப்பது விநாடி கழித்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடிந்து லாக்கரைத் திறந்தேன். அதோடு அந்த வேலைக்கு முழுக்கு.

அக்கா வெறுங்காலோடு தப்பி ஓடியிருந்தாள். அவளைத் தேடி பைக்கில் கிளம்பியவன் லாரிக்கு அடியில் போனான். நாற்பதடி தூரம் இழுத்துக்கொண்டு போயிற்று. பையிலிருந்த போன் உடைந்து தொடைச் சதைக்குள் இறங்கியிருந்தது. பிணவறையில் தோண்டித்தான் எடுத்தார்கள். போலீஸ் அதைக் கவரில் போட்டுக் கொடுத்தது. நானே சுத்தியலால் அடித்துத் தூளாக்கிப் பாலத்திலிருந்து ஆற்றில் கொட்டினேன். கையைக் கழுவிவிட்டுப் போய் நன்றாகத் தூங்கினேன்.

தெருமுனையில் கணினிக் கடை. கடைக்காரர் பழைய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ரோடு ரோலர்ல விட்டீங்களா?"

"கை தவறி விழுந்துடுச்சு," என்றாள் அக்கா. பல வருடம் சொல்லிப் பழகிய வாக்கியம். தடங்கலே இல்லாமல் வந்தது.

அவர் பெட்டிகளை இறக்கி அடுக்கினார். எட்டு ஆன்டெனா வைத்த ஒன்றைத் தடவிக் கொடுத்தபடி, "இத மாட்டினா மொட்டை மாடி வரைக்கும் எடுக்கும்," என்றார்.

"ரெண்டு ரூம்தாங்க வீடு."

"அப்ப இது வேணாம். எட்டுக் கொம்ப வச்சுக்கிட்டு எருமையா மேய்க்கப் போறீங்க?"

எனக்கு இந்த வேலை தெரியும். அக்காவுக்கு வந்திருப்பது வெறும் வயர். அதனால் மோடமும் ரூட்டரும் ஒன்றாகவே இருக்கும் பெட்டி வேண்டும். அவளுடைய பிரிண்டரும் வாசல் கேமராவும் பழசு, மெதுவான அலையைத்தான் பிடிக்கும். லேப்டாப்புக்கு வேகமான அலை வேண்டும். இரண்டையும் தர வேண்டும். கழித்துக் கழித்துப் பார்த்ததில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

அக்கா வெள்ளையைத் தொட்டாள்.

"அதுவும் நல்லதுதான்," என்றார் கடைக்காரர். "ஆனா கறுப்புல ஒரு வசதி. யார் யார் உள்ள வர்றாங்கன்னு போன்லயே தெரியும். எவ்வளவு கிட்ட இருக்காங்கன்னு சிக்னல் கோடு காட்டும். வேண்டாதவங்கள ஒரே தட்டுல வெளிய தள்ளிடலாம்."

அக்காவின் கை வெள்ளையிலிருந்து நகர்ந்தது.

"வேண்டாதவங்க வர முடியாதுங்கறீங்க?"

"நீங்க விட்டாத்தாம்மா வர முடியும்."

"அப்ப இதையே குடுங்க."

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்து மாட்டினேன். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. புதுப் பெயர் கேட்டது.

"என்ன பேர் வைக்கலாம்? மல்லிகைன்னு வைடா."

அங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

வாசல் கேமரா, அவளை வேவு பார்ப்பதற்காக அந்த ஆள் வாங்கி மாட்டியது. அவன் செத்த பிறகு அக்கா அதைத் தன் பாதுகாப்புக்கென்று கழற்றி இந்தப் புது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். புதுப் பெயரில் சேர்க்க வேண்டுமானால் அவனுடைய மெயிலைத் திறக்க வேண்டும். அது முடியாது. ஆனால் எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. புது ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துவிட்டால் போதும். முன்பு எது எது சேர்ந்திருந்ததோ, அது அது தானாக வந்து சேர்ந்துகொள்ளும். பெட்டி மாறியதே அவற்றுக்குத் தெரியாது. இதைப் போனில் ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"அந்தப் பேர் வேண்டாம்டா," என்றாள்.

"கேமரா வேணுமா வேண்டாமா?"

"வேணும். ஆனா…"

"வெறும் பேருதானேக்கா. பழைய பேரே இருக்கட்டும்."

அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள். எதிர்த்துப் பேசாமல் இருக்கப் பழக்கப்பட்டவள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

'என் வீடு' என்று அடித்தேன்.

போனில் பட்டியல் திறந்தது. ஒவ்வொன்றாக வந்தன. லேப்டாப், நாலு கோடு. பிரிண்டர், நாலு கோடு. டிவி. என் போன். வாசல் கேமரா, மூன்று கோடு. நான் வாசிக்க வாசிக்க அவள் தலையாட்டினாள். முகத்தில் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

ஆறாவதாக ஒன்று வந்தது.

முதலாளி.

ஒரே ஒரு கோடு.

"என்னடா நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கும்."

ஒரே தட்டு. வெளியே தள்ளினேன். பெயர் மறைந்தது. மூச்சு விட்டேன். மறுபடி வந்தது.

இரண்டு கோடு.

அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். கத்தவில்லை. எழுந்துபோய் மூன்று தாழ்ப்பாள்களும் போட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒரு கோடுன்னா எங்கடா?"

"தெருவுல."

"ரெண்டுன்னா?"

"படிக்கட்டுல."

வாசனை முதலில் வந்தது. டீசல். எரிந்த ரப்பர். அதற்கும் அடியில், வெயிலில் வைத்த கறிக்கடை மரக்கட்டையின் நாற்றம். வெளியே நல்ல வெளிச்சம். எதிர் வீட்டில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு படியில் அந்தச் சத்தம். ஒரு கால் ஊன்றும். இன்னொன்று இழுபடும். ஊன்றும். இழுபடும். எலும்பு சிமெண்டில் உரசும்போது இப்படித்தான் கேட்கும்போல.

மூன்று கோடு.

டிவியில் வாசல் கேமராவின் படத்தைப் பார்த்தேன். நடை காலியாக இருந்தது. கழுவிவிட்ட தரையில் மட்டும், படியிலிருந்து எங்கள் கதவை நோக்கி, அகலமாக ஓர் ஈரக்கோடு நீண்டுகொண்டே வந்தது.

"பிளக்கைப் பிடுங்குடா," என்று கிசுகிசுத்தாள் அக்கா.

பிடுங்கினேன். வயர் என் கையில் தொங்கியது.

பச்சை விளக்குகள் அணையவில்லை.

நான்கு கோடு.

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை. நான்கு கோடு என்றால் இதே அறை.

அக்காவின் தலைமுடி பின்னால் கொத்தாக எழும்பி நின்றது. யாரோ பிடித்தது போல. அடுத்த கணம் அவள் முகம் மேசை விளிம்பில் மோதியது. பல் உடைந்து தரையில் உருண்டதைப் பார்த்தேன். மறுபடி தூக்கியது. மறுபடி மோதியது. அவளுடைய வலது கை தானாகப் பின்னால் வளைந்தது. முன்பு ஒருமுறை ஒடிந்து கூடிய மணிக்கட்டு, காய்ந்த சுள்ளி போலச் சத்தம் எழுப்பி அதே இடத்தில் ஒடிந்தது. அவள் அலறவில்லை. அலறினால் இன்னும் விழும் என்பது அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பதினொரு முறை கூப்பிட்டும் எடுக்காதவன், இப்போது எதிரிலேயே நின்றுகொண்டு எடுக்காமல் இருந்தேன்.

ரத்தம் கொட்டும் வாயோடு என்னைப் பார்த்தாள்.

"தம்பி. அடிடா."

மேசையில் கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். அவள் தலைக்கு மேலே, அந்தக் கை இருக்க வேண்டிய வெற்றிடத்தில் ஓங்கி அடித்தேன். எதன்மேலோ பட்டது. ஈரமாக, கனமாக, சதையாக. மறுபடி அடித்தேன். பட்டது. ஒன்பது மாதக் கோபம். லாக்கர் முன்னால் நின்ற அந்த விடியற்காலையின் கோபம். கண்மண் தெரியாமல் அடித்தேன். பொய் சொல்ல மாட்டேன்: சந்தோஷமாக இருந்தது.

"இது என் வீடு!" என்று யாரோ கத்தினார்கள்.

"இது என் வீடு! இது என் வீடு!"

என் தொண்டை வலித்தது.

அப்போதுதான் கீழே பார்த்தேன். அக்கா தரையில் சுருண்டு கிடந்தாள். வலது காதுக்கு மேலே பழைய தையல் இருந்த இடம் வாய் போலத் திறந்திருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. டீசல் வாசனை இல்லை. என் கையில் அந்தப் புதுக் கறுப்பு ரூட்டர். ஒரு மூலை நொறுங்கி உள்ளே போயிருந்தது.

விளக்குகள் அணைந்திருந்தன.

மருத்துவமனையில் பதினான்கு தையல் போட்டார்கள். போலீஸ்காரர் வந்து கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா உடைந்த பல்லோடு மெதுவாகச் சொன்னாள்.

"பரண்ல இருந்து எடுக்கும்போது கை தவறி விழுந்துடுச்சு சார்."

தடங்கலே இல்லாமல்.

அவர் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னைக் காப்பாத்தத்தான்டா பார்த்த. எனக்குத் தெரியும்." அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னுடையது நடுங்கவில்லை.

ஒரு மாதத்தில் அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். தட்டச்சு வேலை போயிற்று. ஒரு கிளினிக்கில் வரவேற்பு வேலை. வீட்டில் இணையம் கிடையாது. பட்டன் போன்தான். புது முகவரியை யாருக்கும் தரவில்லை, எனக்கு மட்டும் தந்தாள். அந்த ஆளுக்கு அது தெரிய வழியே இல்லை.

நான் போய்ப் பார்க்கவில்லை. வா வா என்கிறாள். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கிறேன். காரணம் இதுதான். என் அறையில் ரூட்டர் இல்லை. அந்தக் கறுப்புப் பெட்டியைத் துண்டு துண்டாக்கிக் குப்பை வண்டியில் போட்டாயிற்று. போனையும் மாற்றிவிட்டேன். புதுப் போனில் ஒரு பாஸ்வேர்டைக்கூட நான் அடிக்கவில்லை. ஆனாலும் திரையின் மேல் ஓரத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. என் வீடு. நான் பஸ்ஸில் போனாலும் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றாலும் இருக்கிறது.

எப்போதும் நான்கு கோடு.

இன்று காலை அக்கா கூப்பிட்டாள். குரலில் செல்லக் கோபம்.

"ஏன்டா, நேத்து மத்தியானம் வந்துட்டு அப்படியே போயிட்ட? மூணு தாழ்ப்பாளையும் எடுக்க வேண்டாமா? கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

நேற்று மத்தியானம் நான் என் அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"நான்னு எப்படித் தெரியும்?"

"'அக்கா, திற'ன்னு உன் குரல் கேட்டுச்சே. கதவே பேந்துடற மாதிரி இடிச்சியே. அடுத்த தடவை ஒரு தாழ்ப்பாள்தான் போட்டு வைப்பேன். நீ தட்டின உடனே திறந்துடறேன், சரியா?"

என் வலது கையைப் பார்த்தேன். விரல் முட்டிகளில் தோல் இல்லை.

திறக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சரிக்கா," என்றது என் குரல். "நாளைக்கு வர்றேன்."