படப்பெட்டியை நிறுத்திய எருமை

ஒரே ஒரு படம். ஆனால் இரண்டு கொட்டகைகள். ஒன்று திருக்கழுக்குன்றத்தில், இன்னொன்று மாமல்லபுரத்தில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டிலும் அதே படம்தான் ஓடும். அது எப்படி முடியும் என்று கேட்டால், கீழேரிப்பாக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள்.

"மாலிக் பாய்!"

அப்துல் மாலிக்கிடம் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் முதல் சில சுருள்கள் ஓடி முடிந்ததும் அவற்றைத் தகரப் பெட்டியில் போட்டு, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் பறப்பார். கொடுத்துவிட்டு, அடுத்த சுருள்களை எடுக்கத் திரும்பிப் பறப்பார். ஒரு காட்சி முடிவதற்குள் இப்படிப் பல நடை. கொஞ்சம் தாமதமானாலும் போச்சு! மாமல்லபுரத்துக் கொட்டகையில் வெறும் வெள்ளைத் திரைதான் தெரியும். நானூறு பேர் போடுகிற கூச்சலில் காது கிழிந்துவிடும்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே, ஏரிக்கரைத் திருப்பத்தை ஒட்டி இருந்தது கீழேரிப்பாக்கம். பத்து வயது அம்சாவும் அவள் தம்பி சீனுவும் அந்தத் திருப்பத்தில் நின்றுகொண்டு மாலிக் பாய் வரும்போதெல்லாம் கையை ஆட்டுவார்கள். அவரும் ஒரு கையை விட்டுவிட்டுத் திரும்ப ஆட்டுவார். வண்டி நிற்கவே நிற்காது. ஒரு முழுச் சினிமா தன் கண்ணெதிரே சாலையில் பறந்து போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் அம்சாவுக்கு மூச்சே நின்றுவிடும்.

அந்தப் புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை திருப்பம் முழுவதும் கேழ்வரகுக் கதிர் பரப்பியிருந்தது. அம்சா வீட்டுக் கதிர்தான். அறுவடையானால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலை இது. தார்ச் சாலையில் கதிரைப் பரப்பிவிட்டால் போதும். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறி ஏறிப் போகும். மணி தானாக உதிரும். கூலி கேட்காத வேலைக்காரர்கள்!

மாலிக் பாயும் அன்றைக்கு அதன்மேல்தான் போனார். காய்ந்த கதிர் சக்கரத்துக்கடியில் மொறுமொறுவென்று நொறுங்கியது. சீனு கையை ஆட்டினான். அவரும் ஆட்டிவிட்டு மாமல்லபுரம் பக்கம் மறைந்தார்.

அவர் போய்ச் சற்று நேரத்தில் கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்தது.

"ஏ அம்சா! மழை வருது! கூடையை எடுத்தா!" என்று அப்பா கோதண்டராமன் கத்தினார்.

வீடே சாலைக்கு ஓடி வந்தது. உதிர்ந்த மணியை அள்ளு அள்ளு என்று அள்ளினார்கள். நல்ல மணியெல்லாம் கூடைக்குப் போனது. நசுங்கிய கதிரும் தாளும் உமியும் சாலையிலேயே கிடந்தன. அதை அள்ள யாருக்கு நேரம்?

மழை தூறலாகத்தான் வந்தது. வெயிலில் வெளுத்துக் கிடந்த தார் கறுத்துப் பளபளத்தது. அதன்மேல் ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக வட்டம் வட்டமாகப் பூத்தது.

"அக்கா, வானவில்லு ரோட்டுல வுழுந்து கீது!" என்றான் சீனு.

அம்சா குனிந்து பார்த்தாள். பல மாதங்களாக பஸ்ஸும் லாரியும் சொட்டிவிட்டுப் போன எண்ணெய் அது. முதல் தூறல் பட்டதும் மிதந்து மேலே வந்திருக்கிறது. என்ன அழகு! அவளுக்குக் கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

அப்போதுதான் ஐஸ் விற்கும் ராஜாராம் சைக்கிளில் வந்தார். மெதுவாகத்தான் வந்தார். திருப்பத்தில் சைக்கிளைச் சாய்த்து, லேசாக பிரேக்கைப் பிடித்தார். அவ்வளவுதான். சக்கரம் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் நழுவியது. ராஜாராம் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், ஐஸ் பெட்டி ஒரு பக்கம்.

அம்சா ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு. நல்ல வேளை, வேறொன்றும் இல்லை.

"இன்னாம்மா இது, நடக்கிறாப்புல தானே வந்தேன்? யாரோ காலைப் புடிச்சு இழுத்தாப்புல கீதே!" என்றார் அவர்.

"அண்ணாத்த, வுழுந்த ஐஸை நான் துன்னலாமா?" என்று கேட்டான் சீனு.

அம்சா சிரிக்கவில்லை. ராஜாராம் விழுந்த இடத்தில் காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நசுங்கிய கேழ்வரகு மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. அதற்கடியில் உருண்டை உருண்டையாக மணிகள். மேலே எண்ணெய். கால் தானாக வழுக்கிக்கொண்டு போனது. காலையில் ஓடிப்பிடித்து விளையாடிய அதே சாலை! ஒரு தூறல் அதை இப்படி மாற்றிவிடுமா? 

மெதுவாக வந்த சைக்கிளுக்கே இந்தக் கதி. பறந்து வரும் புல்லட்டுக்கு?

அவள் திருப்பத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். கரைக்குக் கீழே பாறாங்கற்கள். அதற்கப்பால் ஏரித் தண்ணீர்.

"அப்பா, மாலிக் பாய் திரும்பி வருவாரு. அவருக்குத் தெரியாது. ரோட்டைச் சுத்தம் பண்ணணும்."

"முதல்ல கேவுரு நனையாம வூடு சேரட்டும். பெரிய மழை வந்தா அதுவே கழுவிக்கினு போயிடும்," என்றார் அப்பா, கூடையைத் தூக்கிக்கொண்டே.

பெரிய மழை எப்போது வருமோ! மாலிக் பாய் அதற்கு முன்னால் வந்துவிடுவாரே. அம்சாவும் சீனுவும் துடைப்பத்தால் பெருக்கினார்கள். கூழ் தாரோடு ஒட்டிக்கொண்டது. பெருக்கப் பெருக்க இன்னும் நன்றாக மெழுகியது போல ஆயிற்று.

"நாம ரோட்டுல நின்னு கையை ஆட்டுவோம்கா. நில்லுங்க பாய்னு கத்துவோம்," என்றான் சீனு.

அம்சா யோசித்தாள். "எப்பவும்தான் ஆட்டுறோம். எப்பனா நின்னுகீறாரா? இன்னிக்கும் சும்மா ஆட்டுறோம்னுதான் நினைப்பாரு. அவரும் ஒரு கையை வுட்டுட்டு ஆட்டுவாரு. இந்த வழுக்கல்ல!"

சீனுவின் முகம் சின்னதாகிப் போயிற்று.

இந்தச் சாலையில் வருகிற வண்டிகள் யாருக்காக நிற்கும்? அம்சாவுக்குச் சட்டென்று விடை கிடைத்தது. வீட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.

அங்கே அவர்கள் வீட்டு எருமை அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதற்கு மணியக்காரி என்று பெயர். ஊர் மணியக்காரரைப் போல அதிகாரமாக நடக்கும். எந்த பஸ் எவ்வளவு ஹார்ன் அடித்தாலும் வழிவிடாது. செங்கல்பட்டு பஸ் டிரைவரே இறங்கி வந்து அதைக் கும்பிட்டிருக்கிறார்.

அம்சா அதை ஓட்டிக்கொண்டு திருப்பத்தைத் தாண்டினாள். மாமல்லபுரம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு. அது திருப்பத்தை மறைத்துக்கொண்டு நின்றது. வருகிறவருக்குக் கடைசி வரைக்கும் எதுவும் தெரியாது. அதனால் தோப்பையும் தாண்டி நடந்தாள். நேரான சாலை வந்தது. இங்கே கதிரும் இல்லை, கூழும் இல்லை. தூரத்திலிருந்தே பார்த்து, மெதுவாக வேகத்தைக் குறைக்கலாம். மணியக்காரியை நடுச்சாலையில் நிறுத்தினாள். நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்துப் புல்லில் இறங்கி நின்றாள்.

"நவுராதே தாயி," என்றாள். இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

டப் டப் டப் என்று சத்தம் கேட்டது. வெகு தூரத்தில் சாம்பல் நிறத் தூறலுக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் புள்ளி. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் நீர்த்துளிகள் இறக்கை விரித்தாற்போலத் தெறித்தன. அம்சாவின் நெஞ்சு அந்த வண்டிக்குச் சமமாக அடித்துக்கொண்டது. அழகாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஹார்ன் அலறியது. மணியக்காரி காதை ஆட்டியது. மறுபடி ஹார்ன். அது வாலையும் ஆட்டியது. டப் டப் மெல்ல மெல்லக் குறைந்து, எருமைக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது.

"யாருமா அது? மாட்டை ஓட்டு! திருக்கழுக்குன்றத்துல அடுத்த ரீலு ஓடி முடிஞ்சிருக்கும், எடுத்தாரணும். மாமல்லபுரத்துல படம் நின்னுச்சுன்னா என்னைத் துன்னுடுவாங்க!" என்று கத்தினார் மாலிக் பாய்.

"பாய், திருப்பத்துல ரோடு ரொம்ப வழுக்குது. எங்க கேவுருதான் பாய். ஐஸ்கார அண்ணாத்த வுழுந்துட்டாரு."

"ஆறு வருஷமா இதே ரோட்டுல ஓட்டினுகீறேன். எனக்குத் தெரியாத திருப்பமா?"

"அப்போ காஞ்சுதானே இருந்துச்சு பாய்? இப்போ ஒரு தபா நடந்து பாத்துட்டு வாங்க. மாட்டை ஓட்டிடறேன்."

மாலிக் பாய்க்குக் கோபம்தான். ஆனால் எருமை நகராதபோது மனிதன் நகர்ந்துதானே ஆக வேண்டும்? வண்டியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு விறுவிறுவென்று தோப்பைத் தாண்டித் திருப்பத்துக்குள் காலை வைத்தார். மறு நொடி தார்ச் சாலையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

திருப்பத்தில் நின்றிருந்த சீனு வாயைப் பொத்திக்கொண்டான். கயிற்றை விட்டுவிட்டு அம்சாவும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

மாலிக் பாய் உடனே எழவில்லை. உட்கார்ந்தபடியே கேழ்வரகுக் கூழை விரலால் தொட்டுப் பார்த்தார். கரைக்குக் கீழே கிடந்த பாறாங்கற்களைப் பார்த்தார். 

"நடந்து வந்தவனையே தள்ளிடுச்சு," என்றார் மெதுவாக. "உன் பேரு இன்னாமா?"

"அம்சா."

"அம்சா, வூட்ல எனக்கு உன் வயசுல ஒரு பொண்ணு கீது. ஜஹனாரா." சொல்லிவிட்டுக் கையை ஊன்றி எழுந்தார்.

பிறகு அவர் திரும்பிப் போய், எருமையைச் சுற்றிப் புல்லோரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கிளப்பினார். அம்சா அதுவரை பார்க்காத ஒரு காட்சியைப் பார்த்தாள். அந்தப் பெரிய புல்லட், இரண்டு காலையும் தரையோரம் தொங்கவிட்ட ஒரு மனிதரோடு, நடக்கப் பழகும் குழந்தை போல வந்தது. அவர் பிரேக்கைத் தொடவில்லை. வண்டியைச் சாய்க்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. ஒரே சீராக ஊர்ந்து திருப்பத்தைக் கடந்தார். பறக்கும்போது இருந்ததைவிட இப்போதுதான் அந்த வண்டி அவளுக்குப் பெரிய அதிசயமாகத் தெரிந்தது.

இதையெல்லாம் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கோதண்டராமன் மண்வெட்டியோடு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். கூழைச் சுரண்டி, குடம் குடமாக ஏரித் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள்.

"நம்ம கதிரு. நாமதான் அள்ளணும். நான்தான் யோசிக்கல," என்றார் அப்பா, அம்சாவின் முகத்தைப் பார்க்காமல்.

வேலை முடிந்தது. மணியக்காரியைச் சாலையிலிருந்து நகர்த்துவதற்குத்தான் இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று.

அன்றைக்கு மாமல்லபுரத்தில் படம் பதினைந்து நிமிஷம் நின்றுபோனதாம். கொட்டகை முதலாளி ராமானுஜம் குதிகுதி என்று குதித்தாராம். மாலிக் பாய் அசையவில்லையாம். "மழை பேஞ்சா நான் மெதுவாத்தான் வருவேன் முதலாளி. ஒத்து வரலன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டாராம். ஊரெல்லாம் இதே பேச்சு. அவருக்கு வேலை போய்விடுமோ என்று அம்சா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலிக் பாய் சொல்லி அனுப்பியதால் வீட்டில் எல்லோரும் மாமல்லபுரம் பஸ் ஏறினார்கள். கறுப்புத் துணி கட்டிய கொட்டகைக்குள் மணலில் உட்கார்ந்தார்கள். படம் ஆரம்பித்தது. வெளியே மழையும் ஆரம்பித்தது. கூரைமேல் அது கொட்டிய சத்தத்தில் வசனமே கேட்கவில்லை.

திடீரென்று திரை வெள்ளையாயிற்று. சுருள் தீர்ந்துவிட்டது.

ஒரு விசில் பறந்தது. இன்னொன்று. "ஏய், படத்தைப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். அம்சா அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது வெள்ளைத் திரையில் பெரிய பெரிய எழுத்துகள் தோன்றின. கண்ணாடி ஸ்லைடில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள்.

'மழை பெய்கிறது. சாலை வழுக்கும். படப்பெட்டி மெதுவாக வரும். பொறுத்தருள்க. ராமானுஜம்.'

படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். விசில் நின்றது. பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது.

"வரட்டும்யா! நிதானமாவே வரட்டும். நாம இன்னா ஓடியா பூடுறோம்?"

கொட்டகை சிரித்தது. அப்புறம் அமைதியாயிற்று. நானூறு பேர், மழைச் சத்தத்தைக் கேட்டபடி, ஒரே ஒரு மனிதர் பத்திரமாக வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்கள். அம்சாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு பேர் ஒன்றாகச் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை.

நெடு நேரம் கழித்து வாசலில் புல்லட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பெட்டியோடு மாலிக் பாய் உள்ளே வந்தார்.

படம் மறுபடி ஓடத் தொடங்குவதற்கு முன்னாலேயே கொட்டகை முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது.