கடல் பார்த்த வீட்டில் ஒரு பிணம்

"ஃபேப்ரிசியோ! நான்... நான் கொன்னுட்டேன்!"

போனில் அலறியது அமெரிக்கர் டக்ளஸ் வெட்மோர்.

வக்கீல் ஃபேப்ரிசியோ பதறவில்லை. காபியை ஒரு மடக்கு குடித்துவிட்டுத்தான், மரியாதைக்கு ஒரு 'தோன்' சேர்த்துக் கேட்டான்.

"யாரை, தோன் டக்ளஸ்?"

"காவல்காரனை! பெலிசாரியோவை! தள்ளிவிட்டேன்... விழுந்தான்... எழுந்திருக்கவே இல்ல!"

"எதையும் தொடாதீங்க. வந்துட்டேன்."

அமெரிக்காவுக்குத் தெற்கே உள்ள குட்டி நாடொன்றின் கங்ரேஹோ கடற்கரையிலேயே உயரமான வீடு அது. ஒஹையோவில் உட்கார்ந்தபடி, போட்டோவைப் பார்த்தே வெட்மோர் வாங்கியது. வாங்கிக் கொடுத்தவன் ஃபேப்ரிசியோ. காவலுக்கு ஆள் வைத்தவனும் அவன்தான்.

கூடத்தில் பெலிசாரியோ குப்புறக் கிடந்தான். தலையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு குளம்!

ஃபேப்ரிசியோ குனிந்து மணிக்கட்டைப் பிடித்தான். உதட்டைப் பிதுக்கினான்.

வெட்மோர் சுவரோடு சரிந்தார்.

"என்ன தகராறு?"

"நாலு வருஷம் கழிச்சு வர்றேன். 'யார் நீங்க'ன்னு கேக்கறான்! என் வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு! இது அவன் வீடாம்!"

"சம்பளம் அனுப்பினீங்களா?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க! தங்க இடம் குடுத்தாப் போதும், ஒப்பந்தமெல்லாம் எதுக்குன்னு..."

"சரி, விடுங்க. இந்த நாட்ல ராணுவம்தான் இல்ல. ஜெயில் இருக்கு. கொசுவும் இருக்கு."

"காப்பாத்துங்க!"

"சாயங்காலம் ஃப்ளைட் இருக்கு. ஆனா வீடு உங்க பேர்ல இருந்தா, போலீஸ் ஒஹையோ வரைக்கும் தேடி வரும். என் கம்பெனிக்கு வித்த மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"வி... விலை?"

"பிணம் கிடக்கற வீட்டுக்கு விலையா, தோன் டக்ளஸ்?"

ஃபேப்ரிசியோ நீட்டிய பத்திரத்தில் வெட்மோர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரக்கூட நிற்கவில்லை. டாக்ஸி புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

ஃபேப்ரிசியோ கதவைச் சாத்தினான். வாய்விட்டுச் சிரித்தான்.

"எழுந்திருய்யா. ஆள் போயாச்சு!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

"மூக்கெல்லாம் எரியுது, லிசென்சியாதோ, வக்கீலய்யா! குழம்புக்குக் கலர் சேர்க்கற அச்சியோட்டேவை இப்படியா வாளி வாளியா கரைக்கச் சொல்வீங்க?"

"பிரமாதமா செத்தே! இந்தா..." ஃபேப்ரிசியோ ஒரு கவரை நீட்டினான். "உன் சம்பளம். துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. வீடு இப்ப என்னோடது."

பெலிசாரியோ இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம்."

"ஏன், பத்தாதா?"

"சம்பளம் வாங்கினா வேலைக்காரன். வாங்காமக் குடியிருந்தா வீட்டுக்காரன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

ஃபேப்ரிசியோவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"யோவ்! அது அந்த வெள்ளைக்காரனை விரட்டறதுக்குச் சொன்னது! நான் இந்த நாட்டுக்காரன்!"

"நீங்க தலைநகரத்துக்காரர். இந்த ஊருக்கு நீங்களும் வெளியாள்தான். வேலி போட்டது நான். வாழை வச்சது நான். ஊரே வந்து சாட்சி சொல்லும்."

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"தாராளமா! அந்த மனுஷன் எதுக்கு இவ்ளோ அவசரமா எழுதிக் குடுத்தார்னு அவங்க கேப்பாங்க. நானும் விளக்கமா சொல்றேன்."



பெலிசாரியோ துடைப்பானை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க."

"விடமாட்டேன்! கோர்ட்டுக்குப் போவேன்!"

"போங்க, லிசென்சியாதோ. பத்துப் பன்னிரண்டு வருஷம் இழுக்கும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு..."

பெலிசாரியோ பணிவாகக் கதவைத் திறந்துவிட்டான்.

"உங்களை மாதிரி வக்கீலை மட்டும் வச்சுக்காதீங்க!"