காக்கை முகட்டுத் தியென்மா

“அப்பா மூட்டை கட்டிட்டார்!” என்று மூச்சிரைக்க ஓடிவந்தாள் லின் யுவே. “கட்டில், சட்டி, கோழிக்கூடு எல்லாம் வாசலுக்கு வந்தாச்சு. சாயங்காலம் லாரி வருது. நகரத்துல செருப்புக் கம்பெனி வேலைக்குச் சரின்னு சொல்லிட்டாராம்!”

“அப்படின்னா இப்பவே கிளம்புவோம்,” என்று துர்காஷினி எழுந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினாள். “லோகன், கயித்தை எடு!”

“பசியாறிட்டுப் போலாமேக்கா…” என்று இழுத்தான் அவள் தம்பி லோகன்.

“தியென்மா கிடைக்கட்டும், விருந்தே வைக்கிறேன் லா. நட!”

துர்காஷினி மலேசியாவின் ஈப்போவிலிருந்து சீனாவின் யுன்னானுக்கு வந்து சீன மருத்துவம் படிக்கும் பெண். யுவே அவளுடைய வகுப்புத் தோழி. லோகன் விடுமுறைக்கு அக்காவைப் பார்க்க வந்தவன். ஊரில் சீனப் பள்ளியில் படித்ததால் சீனத்தில் வாயடிப்பான். மூவரும் யுவேயின் மலையூரில் தங்கியிருந்தார்கள்.

அந்த ஊருக்குச் சோறு போடுவது தியென்மா. ஒருவகை ஆர்க்கிட் செடியின் கிழங்கு அது. தலைவலி, தலைச்சுற்றல் என்றால் சீன வைத்தியர் கை அதைத் தேடித்தான் போகும். இலை இல்லை, வேர் இல்லை, பச்சை நிறம் பேருக்குக்கூட இல்லை. மட்கிய கட்டையில் வாழும் பூஞ்சணம் ஒன்று உழைத்துப் போட, இது மண்ணுக்குள் படுத்துக்கொண்டே தின்று கொழுக்கும். அசல் வீட்டோடு மாப்பிள்ளை!

ஆனால் மாப்பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தார். ஒரே கிழங்கின் குட்டிகளையே திரும்பத் திரும்ப நட்டதில், முஷ்டி அளவு இருந்தது கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. காட்டில் தானாக விளைந்த திடமான கிழங்கு ஒன்று, முளை முறியாமல் உயிரோடு கிடைத்தால் போதும். கோடையில் அது பூக்கும், விதை கொடுக்கும், ஊர் நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் யுவேயின் அப்பா லாவ் லின் முதல் ஆளாக ஊரை விடுவார். அவர் போனால் பின்னாலேயே போக நாலைந்து குடும்பங்கள் காத்திருந்தன.

தேடுவதுதான் பெரும்பாடு. கோடையில் சிவப்புத் தண்டு நீட்டி ‘இதோ இருக்கிறேன்’ என்று காட்டும்போது கிழங்கு உள்ளே வெறும் கூடாகிப் போயிருக்கும். குளிர்காலத்தில் பக்கத்திலேயே குட்டிக் கிழங்குகள் கொழுத்துக் கிடக்கும். மேலே ஒரு துரும்பு அடையாளம்கூட இருக்காது. அதனால்தான் போன கோடையில் காக்கை முகட்டில் ஒரு தண்டைக் கண்டதுமே துர்காஷினி அங்கிருந்த ஓக் மரத்தில் அடையாளம் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

மூங்கில் காட்டைத் தாண்டினார்கள். உறைந்த ஓடையில் லோகன் இரண்டுமுறை சறுக்கி விழுந்து, “சும்மா பனி எப்படி இருக்குன்னு பார்த்தேன்,” என்றான். வெயில் ஏறும்போது முகட்டை எட்டினார்கள்.

“அலாமாக்!” என்று லோகன் நின்றுவிட்டான்.

ஓக் மரம் இருந்தது. அதில் துர்காஷினி கட்டிய மஞ்சள் துணியும் இருந்தது. கூடவே சிவப்பு, நீலம், பச்சை என்று நூற்றுக்கணக்கான துணிகள்! சுற்றியிருந்த மரங்களையும் விடவில்லை. அடியில் கல் அடுக்கி, ஆரஞ்சுப் பழம் படைத்திருந்தார்கள்.

“யாரது? அங்கேயே நில்லுங்க!” கம்பளிப் போர்வையும் கையில் கழியுமாக ஒரு பெண் எழுந்து வந்தாள். பக்கத்து மலையில் ஆடு மேய்ப்பவள், பெயர் ஆமு. லோகனின் தோளில் தொங்கிய மண்வெட்டியைப் பார்த்ததும் அவள் கண் சிவந்தது. “சாமி மரத்தைத் தோண்டவா வந்தீங்க?”

“இது எப்போ சாமி மரமாச்சு?” என்றாள் யுவே.

“கோடையிலே. என் ஆடு காணாமப் போய் இந்தப் பக்கம் தேடிவந்தேன். மரத்துல மஞ்சள் துணி, துணிக்குள்ள காசு! சாமி இல்லாத மரத்துல யாராவது காசைக் கட்டுவாங்களா? கும்பிட்டேன். திரும்பினா ஆடு நிக்குது!”

லோகன் அக்காவைப் பார்த்தான். “அக்கா… நீ வெறும் அடையாளம்தானே கட்டுன?”

துர்காஷினி நெளிந்தாள். “கட்டுறதுதான் கட்டுறோம், அப்படியே முருகனுக்கு வேண்டிக்கிட்டு காசு முடிஞ்சுடலாமேன்னு…”

லோகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்த கதை இது ஒன்றுதான் இருக்கும்!

துர்காஷினி ஆமுவிடம் நேராகச் சொன்னாள். “அந்தத் துணியைக் கட்டினது நான்தாங்க.”

“நீயா? வேண்டிக்கிட்டுத்தானே கட்டுன?”

“ஆமா.”

“அப்போ சாமி மரம்தானே! வேண்டிக்கிட்ட காலடியையே தோண்டுவியா?”

துர்காஷினிக்கே மனம் ஒப்பவில்லை. தன் கையால் முடிந்த காசு அல்லவா! ஆனால் கீழே லாரி கிளம்பிவிடுமே என்ற நினைப்பில் யுவேக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்பா போயிட்டா திரும்பி வரமாட்டார் துர்கா,” என்றாள்.

ஆமுவின் குரல் இறங்கியது. “துணி கட்டின மரங்களுக்கு வெளியே எங்க வேணா தோண்டிக்கோங்க. உள்ளே மட்டும் கூடாது.”

வெளியேயா? துர்காஷினி சட்டென்று நிமிர்ந்தாள். “யுவே! கிழங்குக்கு மரம் முக்கியமில்ல, பூஞ்சணம்தான் முக்கியம். அது எங்கெல்லாம் ஓடியிருக்குன்னு பாரு!”

மூவரும் மண்டியிட்டுப் பனியைத் தள்ளினார்கள். கடைசித் துணிக்கு அப்பால் விழுந்து கிடந்த ஓக் கட்டையின் பட்டையை யுவே உரித்தாள். அடியில் ஷூ கயிறு மாதிரிக் கறுப்பு இழைகள்!

“இதேதான்! விடாதீங்க, பின்னாலேயே போங்க!”

இழைகள் கட்டையோடு ஓடின. கட்டையோ சரிவில் இறங்கி, பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. நுனிக்கு நேர் கீழே, பாறை இடுக்கில், இலைமட்கு நிறைந்த சின்னத் திட்டு.

“நான் இறங்குறேன்,” என்றான் லோகன். இப்போது அவன் சிரிக்கவில்லை.

“கட்டையில கால் வைக்காதே, உளுத்துப்போனது!” என்று எச்சரித்தபடி துர்காஷினி அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். ஆமு கழியைக் கீழே போட்டுவிட்டு வந்து மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். “மலை ஆடே இழுத்திருக்கேன். இவன் எம்மாத்திரம்!”

லோகன் திட்டில் இறங்கி விரலால் மட்கைக் கிளறினான். வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது. மஞ்சள் பாய்ந்த மூன்று கிழங்குகள், ஒவ்வொன்றும் ஒரு முஷ்டி! நுனியில் கிளிமூக்கு மாதிரிச் சிவந்த முளை!

“இருக்கு அக்கா! மூணு இரு—”

மடார்! கட்டை புரண்டது. திட்டில் பாதி பெயர்ந்து பள்ளத்தில் கொட்டியது. இரண்டு கிழங்குகள் கண்முன்னே உருண்டு மறைந்தன. லோகன் கயிற்றில் ஊசலாடினான். வலக்கையில் ஒரே ஒரு கிழங்கு!

“ரெண்டு கையாலயும் கயித்தைப் பிடி!” என்று அலறினாள் துர்காஷினி. “அதை விட்டுடு லா! நீ வந்தா போதும்!”

பிடித்தால் முளை நசுங்கிவிடும். விட்டால் எல்லாம் போச்சு. லோகன் பல்லால் ஜாக்கெட் ஜிப்பை இழுத்து, கிழங்கை வயிற்றோடு சட்டைக்குள் விட்டான். பிறகுதான் கயிற்றைப் பற்றினான். “இழுங்க!”

மூன்று பெண்களும் மூச்சுமுட்ட இழுத்தார்கள். மேலே வந்து விழுந்த தம்பியைக் கட்டிக்கொண்டு துர்காஷினி அழுதாள், அவன் முதுகில் நாலு அடியும் போட்டாள்.

“வெளியே எடுக்காதே,” என்றாள் யுவே. “உறைஞ்சுபோனா அழுகிடும். உன் சூட்டிலேயே வெச்சுக்கோ!”

கிழங்கு லோகனின் வயிற்றில் குடியேறியது. சூடு ஏற ஏற அதற்கே உரிய வாசனை கிளம்பிற்று. வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், குதிரை மூத்திர நாற்றம்! இறங்கும் வழியெல்லாம் மற்ற இருவரும் அவனுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார்கள்.

ஊரை எட்டியபோது லாரி உறுமிக்கொண்டிருந்தது. லாவ் லின் கடைசிக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். லோகன் பக்கத்தில் போனதும் அவர் கை நின்றது. மூக்கு இரண்டுமுறை சுருங்கிற்று. வீட்டுக் கிழங்கில் இந்த நெடி வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

“எங்கே?” என்றார்.

லோகன் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். முளை முறியவில்லை. லாவ் லின் அதை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு யுவேயிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போதுதான் போட்ட முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“என்னய்யா பண்ற?” என்று டிரைவர் கத்தினார்.

“என் மண்வெட்டி வேணும்.”

மண்வெட்டி எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. இனி எதற்கு என்று முதலில் ஏற்றிய சாமான் அதுதான். கோழிக்கூடு இறங்கியது, சட்டிகள் இறங்கின. வழியனுப்ப வந்தவர்கள் ஆளுக்கொரு கை கொடுக்கக் கட்டிலும் இறங்கியது. நம்பிக்கை விட்டுப்போன நாளில்கூட மண்வெட்டியை மட்டும் மேலாக வைத்துக்கொள்வது நல்லது. இறக்குகிற வேலையாவது மிச்சமாகும்.

கடைசியில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லாவ் லின் டிரைவரைப் பார்த்துச் சொன்னார்: “நீ கிளம்புப்பா. எனக்கு இங்கே வேலை இருக்கு.”