எண் போட்ட குளம்பு

"உன் அப்பன் திருடன்! நகைப் பெட்டியோட மலைக்குள்ள ஓடிட்டான்!" என்றான் வெள்ளைக்காரக் கேப்டன் துரை.

"எங்க அத்தாவா? போன வருஷம் நீங்கதானே அவர் நெஞ்சுல மெடல் குத்துனீங்க!" என்று கத்தினாள் ஜுலைகா.

குத்தினான்தான். குதிரைப்படை சுபேதார் மீரான் ராவுத்தர் வேல்களுக்கு நடுவே புகுந்து இந்தத் துரையைத் தூக்கி வந்தாரே, அதற்கு! ஒரே மழையில் அதெல்லாம் துரைக்கு மறந்துவிட்டது. சிறுமலைக் கணவாயில் புயல் பிடித்தது, நகைப் பெட்டியைச் சுமந்து முன்னே போன ராவுத்தர் திரும்பவில்லை. உடனே திருடன் பட்டம்! அந்த நகைகூட ஒரு பாளையக்காரன் கோட்டையை உடைத்து வெள்ளைக்காரன் அள்ளியதுதான். அள்ளியவன் துரை, சுமந்தவர் திருடரா? நன்றாயிருக்கிறது நியாயம்!

ஜுலைகா கிளம்பிவிட்டாள். துணைக்கு, ராவுத்தர் குதிரைக்குப் புல் அறுக்கும் மாடன்.

"கரடி வந்தா என்னம்மா பண்றது?"

"நீ முன்னால போ. அது உன்னைத் தின்னு முடிக்கிறதுக்குள்ள நான் மரம் ஏறிடுவேன்!"

அட்டை கடித்தது, காட்டாறு இழுத்தது. கயிற்றைப் பிடித்துக் கரையேறினார்கள். பள்ளத்துக்கு மேலே கழுகுகள் வட்டமிட்டன. இறங்கினால், அத்தாவின் குதிரை செத்துக் கிடந்தது!

"போச்சும்மா, எல்லாம் போச்சு!" என்று மாடன் தலையில் அடித்துக்கொண்டான்.

"சும்மா இரு மாடா! முன்னங்காலைப் பாரு. குளம்பைக் காணோம். நரி கடிச்சதில்ல, கத்தியால வெட்டினது!"

பட்டாளத்துச் சட்டம் அது. குதிரையின் குளம்பில் எண் போட்டிருப்பார்கள். குதிரை செத்தால் அந்தக் குளம்பை வெட்டி வந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் விற்றுவிட்டான் என்பார்கள். அவ்வளவு நம்பிக்கை!

"ஓடிப்போறவன் குளம்பை வெட்டுவானா? அத்தா உயிரோட இருக்காரு! அத்தா! அத்தா!"

"யார் அங்கே? பேரைச் சொல்லு!" பாறை இடுக்கிலிருந்து பாராக்காரன் மாதிரி ஓர் அதட்டல். அத்தாவின் குரலேதான்!

கால் முறிந்து கிடந்தார் ராவுத்தர். தலைக்கடியில் பெட்டி, இடுப்பில் குளம்பு.

"எப்படி அத்தா பிழைச்சீங்க?"

"குதிரைக் கொள்ளுதாம்மா. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கனைச்சிருப்பேன்!"

மூங்கிலில் சேணத்துணியைக் கட்டி அவரைச் சுமந்தார்கள். திண்டுக்கல் மைதானத்துக்குள் நுழைந்தபோது பட்டாளமே ஆரவாரம் செய்தது.

துரை சுபேதாரின் முகத்தைப் பார்த்தானா? இல்லை. பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, குளம்பைத் திருப்பித் திருப்பி எண்ணைப் பார்த்தான். பிறகுதான் பல் தெரிந்தது.

"சபாஷ் சுபேதார்! உனக்கு இன்னொரு மெடல்!"

ராவுத்தர் நெஞ்சிலிருந்த பழைய மெடலையும் பிடுங்கி அவன் கையில் வைத்தார்.

"நான் ரத்தம் சிந்தினதை நீங்க நம்பல துரை. செத்த குதிரையோட காலை நம்புறீங்க. ரெண்டு மெடலையும் அதுக்கே குத்திடுங்க."

மகள் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வெளியேறினார். மாடன் குளம்பை மட்டும் எடுத்துக்கொண்டான். அதுதான் அங்கே பொய் சொல்லாத பொருள். மெடல் குத்த வருகிறவனிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், பிள்ளைகளே.