கூடவே சாய்ந்த வெளிச்சம்

விளக்கு வைத்த நேரம், வயலுக்குத் தண்ணி திருப்பிவிட்டு, தென்னோலைப் பந்தமான சூட்டை வீசி எரியவிட்டபடி வரப்பில் வந்துகொண்டிருந்த சிவதாணு வாத்தியார், எதிர்வரப்பில் இன்னொரு சூட்டைப் பார்த்து, "ஆருடே அது?" என்றார். சூட்டோடு வருகிறவன் வீட்டுப்பேரைச் சொல்வான், இருமலாவது இருமுவான். இது சும்மா ஆடியது. காது கேக்காத முத்துநாயகம்தான் என்று அவரும் ஆட்டிவிட்டு நடந்தார். தவளைச் சத்தம் நின்றிருந்தது. சேற்று வாசனையும் இல்லை.

மத்தியானம்தான் மருமகன் கணபதியப்பனை பஸ் ஏற்றிவிட்டிருந்தார். ராத்திரி தபால் விமானம் ஓட்டுகிறவன். மேகத்துக்கு மேலே ஒரு வெளிச்சம் கூடவே வந்தது, நான் விமானத்தைச் சாய்த்தால் அதுவும் சாய்ந்தது, இனி ஓட்டமாட்டேன் என்று வந்து சோறு இறங்காமல் கிடந்தான். மகள் பகவதிக்கு ஏழாம் மாசம். இவன் வேலையை விட்டால் ஊர் சிரிக்காதா? "கண்ணாடியில ஒம்ம வெளக்கே தெரிஞ்சிருக்கும். இல்லேன்னா வானத்து வெள்ளி" என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிச் சொல்லி வழிக்குக் கொண்டுவந்தார். நாளை ராத்திரி பறக்கப் போகிறான்.

பஸ் படியில் நின்று அவன் சொன்னது ஒன்றுதான்.

"கடேசில அதுதான் மொதல்ல சாஞ்சுது மாமா. பொறவுதான் நான்."

"கை மரத்திருக்கும் மாப்பிள. போயிட்டு வாரும்."

வாத்தியார் நின்றார். எதிர்வரப்பு வெளிச்சமும் நின்றது. சூட்டை உயர்த்தினார். அதுவும் உயர்ந்தது. வயல் தண்ணியில் நம்ம நெழல்தான் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் அது தண்ணிக்கு மேலே, ஆள் உயரத்தில் நின்றது. பிடித்திருந்த ஆளைக் காணோம்.

சூட்டைச் சேற்றில் குத்தி அணைத்தார். அதுவும் அணைந்தது.

"பாத்தியா, நெழல்தான்," என்று தனக்கே சொன்னார். சிரிப்பு வந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. பயம்கூட இல்லை.

பிறகு அது எரிந்தது.

புகை வாசனை. குனிந்து பார்த்தார். கையில் சேறு சொட்டும் சூட்டு. எரிந்துகொண்டிருந்தது.

அது உயர்ந்தது. அவர் கை உயர்ந்தது. இறக்கப் பார்த்தார். கை வேறு யாருடையதோ. தோளுக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

கணபதியப்பன் இந்நேரம் திருநெல்வேலியில் ரயிலேறியிருப்பான். ஓடிப்போய், பறக்க வேண்டாம் என்று தந்தி அடிக்க வேண்டும். கால் நகரவில்லை.

எதிரே அது மெள்ளச் சாய்ந்தது. தரையைப் பார்த்து.

அவர் கையும் சாய்ந்தது.